நடக்காமல் போன ஓட்டம், செலவாகிவிட்ட பதிவுப் பணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2020 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நடக்க வேண்டிய ஒரு சாலை ஓட்டப் போட்டியைப் பற்றியது இது. கோவிட் பெருந்தொற்றால் அந்தப் போட்டி அன்று நடக்கவில்லை. அதை நடத்திவந்த சிறு நிறுவனத்தின் கணக்கு வழக்குகளை அப்போது நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குதாரர்கள் இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயரும் ஊரும் சொல்லப்போவதில்லை. தொகைக்குப் பதிலாக விகிதம் சொல்கிறேன்; பாடம் விகிதத்தில்தான் இருக்கிறது.

பின்னணி

நிறுவனத்தில் இரண்டு பங்குதாரர்கள், ஆறு ஊழியர்கள். வருடத்துக்கு ஒரே ஒரு பெரிய நிகழ்ச்சி: அரை மாரத்தான், கூடவே 10 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் ஓட்டங்கள். அது ஏழாவது வருடம். 5,800 பேர் பணம் கட்டிப் பதிவு செய்திருந்தார்கள்.

வருமானத்தில் 62 சதவீதம் பதிவுக் கட்டணம், 33 சதவீதம் ஸ்பான்சர்கள், மிச்சம் 5 சதவீதம் ஸ்டால் வாடகை. இந்தக் கலவையில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பெரிய கால்பந்து, கிரிக்கெட் லீக்குகள் பிழைப்பது முக்கியமாக ஒளிபரப்புப் பணத்தில். அதனால்தான் ஜெர்மனியின் புண்டஸ்லிகா 2020 மே 16-ல் காலி மைதானத்தில் மீண்டும் தொடங்க முடிந்தது. ஐபிஎல் அந்த செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போய், கேலரியில் யாரும் இல்லாமல் நடந்து முடிந்தது. டிக்கெட் வருமானம் போனாலும் பெரிய வருமானம் தப்பியது. சாலை ஓட்டத்தில் அந்த வழியே கிடையாது. பணம் கட்டுபவர்தான் ஓடுகிறவர். அவரை வர வேண்டாம் என்று சொன்னால் போட்டியே இல்லை.

பணம் வந்து போகும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். பதிவு அக்டோபரில் திறக்கும், செலவு நவம்பரில் தொடங்கும். போட்டி நாள் வரும்போது பதிவுப் பணம் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். ஸ்பான்சர் தொகை மூன்று தவணை: ஒப்பந்தம் போடும்போது 30 சதவீதம், போட்டிக்கு ஒரு மாதம் முன்பு 30, போட்டி முடிந்த பிறகு 40. அந்தக் கடைசித் தவணைதான் லாபம். ஆறு வருடம் இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடியது, ஆறு வருடமும் போட்டி நடந்தது என்பதால்.

சேவையைக் கொடுத்து முடிக்கும்வரை முன்கூட்டி வாங்கிய பணம் வருமானம் அல்ல, கடன். கணக்குப் படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானும் லெட்ஜரில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் வங்கிக் கணக்கு ஒன்றே ஒன்று. 5,800 பேரின் பணமும் ஆபீஸ் வாடகையும் சம்பளமும் அதே கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தன.

பிப்ரவரி: பதக்க ஆர்டர்

2020 பிப்ரவரி 17-ல் டோக்கியோ மாரத்தான் அமைப்பாளர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள்: மார்ச் 1 போட்டியில் முன்னணி வீரர்கள் மட்டும் ஓடுவார்கள், பொதுப்பிரிவில் பதிவு செய்த சுமார் 38,000 பேருக்கு அனுமதி இல்லை. கட்டணம் திரும்பக் கிடையாது. அடுத்த வருடம் இடம் உண்டு, ஆனால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும். அன்று மாலையே எங்கள் ஆபீஸில் கூட்டம் கூடியது.

இளைய பங்குதாரர், "அண்ணா, பதக்க ஆர்டரை மட்டும் ஒரு வாரம் நிறுத்திவைப்போம்" என்றார். மூத்தவர் யோசித்தார். பதக்கம் செய்பவரிடம் ஆர்டரை உறுதி செய்ய பிப்ரவரி 20 கடைசி நாள். அது தாண்டினால் மார்ச் 29-க்குள் பதக்கம் கைக்கு வராது. "இன்னும் நாற்பது நாள் இருக்குப்பா. நடந்துடுச்சுன்னா பதக்கம் இல்லாம எப்படி ஓடவிடுறது?" என்று அவர் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. ஆர்டர் போனது. 5,800 பதக்கங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் "29.03.2020" என்று அச்சு.

அந்த முடிவை இன்று குறை சொல்வது சுலபம். அன்று எங்களிடம் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது பைத்தியக்காரத்தனம் இல்லை. பிசகியது வேறு இடத்தில். நடக்குமா நடக்காதா என்று மட்டும் பேசினோம். நடக்காமல் போனால் யாருடைய பணம் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

மார்ச் 11 முதல் 20 வரை

மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதே நாளில் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக் சீசனை நிறுத்தியது. இரண்டே நாளில், ஏப்ரல் 20-ல் நடக்கவிருந்த பாஸ்டன் மாரத்தான் செப்டம்பர் 14-க்குத் தள்ளிப்போனது.

மார்ச் 12 அன்று நான் இரண்டு வேலை செய்தேன். முதலாவது, காப்பீட்டுப் பத்திரத்தை முழுதாகப் படித்தேன். மழை, புயல், கலவரம், முக்கிய சாலை மூடல் எல்லாம் இருந்தன. விலக்குப் பகுதியில் ஒரே ஒரு வரி: தொற்று நோயாலும் தொற்று நோய் பற்றிய அச்சத்தாலும் ஏற்படும் ரத்துக்கு இழப்பீடு கிடையாது. 2003-ல் சார்ஸ் வந்துபோனதிலிருந்து இந்த விலக்கு பல நிகழ்ச்சிக் காப்பீடுகளில் வழக்கமாகிவிட்டது. தனியாகப் பிரீமியம் கட்டினால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நிலை அதன் பிறகும் இருந்தது. விம்பிள்டன் டென்னிஸ் நடத்தும் கிளப் அப்படிக் கட்டிவந்தது. 2020 ஏப்ரல் 1-ல் போட்டியை ரத்து செய்தபோது, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு முதல் முறையாக விம்பிள்டன் இல்லாத வருடமாக அது ஆனது. 10 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடும் கிடைத்தது. எங்களிடம் அந்தச் சேர்க்கை பற்றி யாரும் சொல்லவில்லை, நாங்களும் விசாரிக்கவில்லை.

இரண்டாவது, பதிவுக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொண்டு அது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினேன். 64 செலவாகியிருந்தது: பதக்கத்துக்கும் டீ-ஷர்ட்டுக்கும் 27, பந்தல், தடுப்பு வேலி, ஒலிபெருக்கி, தற்காலிகக் கழிப்பறை ஆகியவற்றுக்கு முன்பணம் 14, சம்பளமும் வாடகையும் 9, விளம்பரமும் இணையதளமும் 8, பேமெண்ட் கேட்வே (இணையத்தில் கட்டும் பணத்தை வாங்கி நமக்குத் தரும் நிறுவனம்) கட்டணமும் வரியும் 6. மிச்சம் 36. அதில் 11 இன்னும் கேட்வே நிறுவனத்திடமே இருந்தது. வங்கியில் இருந்தது 25 மட்டும்.

அந்தத் தாளை மேஜையில் வைத்ததும் மூத்தவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இதை முன்னாடியே இப்படி எழுதிப் பார்த்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான். மார்ச் 20-ல், கூட்டம் கூடத் தடை வந்த பிறகு, ஓட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

முதல் முடிவு: ரத்தா, தள்ளிவைப்பா?

தள்ளிவைப்பைத் தேர்ந்தெடுத்தோம், புதிய தேதி அக்டோபர் 11 என்று அறிவித்தோம். ரத்து என்று சொன்னால் ஸ்பான்சர் ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிடும், முன்பணம் வாங்கியவர்களிடம் பேச ஒன்றும் இருக்காது, அத்தனை பேரும் ஒரே நாளில் பணத்தைக் கேட்பார்கள். தள்ளிவைத்தால் எல்லாம் உயிரோடு இருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்ஸே மார்ச் 24-ல் அடுத்த வருடத்துக்குப் போனபோது, சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று ஆறுதல் பட்டுக்கொண்டோம்.

ஆனால் அக்டோபர் 11-க்கு அனுமதி எதுவும் எங்கள் கையில் இல்லை. சாலையை யார் தருவார்கள் என்று தெரியாமலே ஒரு தேதியைச் சொல்லிவிட்டோம். இது தவறு.

அதைவிடப் பெரிய தவறு, கூடவே அனுப்பிய கடிதம். "விதிமுறை 14-ன்படி கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ஒரு வரி அதில் இருந்தது. சட்டப்படி நிற்குமா நிற்காதா என்பது வேறு பேச்சு. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த மனிதர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பத்து நாளில் சுமார் 140 பேர் தங்கள் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். சார்ஜ்பேக் என்று சொல்வது இதைத்தான். சார்ஜ்பேக் அதிகமானால் கேட்வே நிறுவனம் தன் பாதுகாப்புக்காக நம் தொகையைப் பிடித்துவைக்கலாம் என்று அவர்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பிடித்துவைத்தார்கள். 140 பேரின் கோபத்துக்கு, 100-ல் 11 பங்கு முடங்கியது. அது எங்களுக்கு விடுபட்டு வந்தது 2021 ஆகஸ்டில்.

இரண்டாவது முடிவு: கணக்கைத் திறந்து காட்டியது

ஏப்ரல் இரண்டாம் வாரம் இளைய பங்குதாரர் சொன்ன யோசனைதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். நான் மார்ச் 12-ல் எழுதிய தாளை அப்படியே எல்லோருக்கும் அனுப்பலாம் என்றார். மூத்தவருக்குச் சங்கடம். "நம்ம சம்பளம் இவ்வளவுன்னு தெரிஞ்சிடுமே?" "தெரியட்டும்ணா."

இரண்டாவது கடிதம் மன்னிப்போடு தொடங்கியது. 64 எங்கே போனது, 36 எங்கே இருக்கிறது என்று வரிவரியாகச் சொன்னது. கீழே மூன்று வழிகள்: அடுத்து எப்போது ஓட்டம் நடந்தாலும் இதே பதிவு செல்லும், அல்லது 40 சதவீதத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது கூரியர் செலவு மட்டும் கட்டி, வீட்டருகே தனியாக ஓடி, பதக்கமும் டீ-ஷர்ட்டும் பெற்றுக்கொள்ளலாம்.

40 என்ற எண் எப்படி வந்தது? மிச்சம் இருந்த 36-உடன், முன்பணங்களில் திரும்ப வரும் என்று நம்பிய 5 பங்கைச் சேர்த்தால் 41. அத்தனை பேரும் பணமாகவே கேட்டாலும் ஒருவரையும் ஏமாற்றாமல் கொடுக்கக்கூடிய தொகை அதுதான், கேட்வேயில் முடங்கியது கைக்கு வரும் பட்சத்தில். அதற்கு மேல் சொல்லியிருந்தால் முதலில் கேட்டவர்களுக்குக் கிடைத்து, கடைசியில் கேட்டவர்களுக்கு இல்லாமல் போயிருக்கும்.

பதிவை வைத்துக்கொள்கிறோம் என்றவர்கள் 3,100 பேர். பதக்கம் கேட்டவர்கள் 1,450. பணம் கேட்டவர்கள் 870 பேர்தான். 380 பேரிடமிருந்து பதில் இல்லை. அவர்கள் பதிவையும் அப்படியே வைத்துக்கொண்டோம். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு புதிதாக வந்த சார்ஜ்பேக் ஒற்றை இலக்கம்.

சப்ளையர்கள், ஊழியர்கள், ஓடிப் பிழைப்பவர்கள்

பெரிய விளையாட்டு உலகின் இழப்பு பத்திரிகைகளில் வந்தது. பார்சிலோனா வீரர்கள் 70 சதவீதச் சம்பளக் குறைப்புக்கு ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். ஒரு சாலை ஓட்டத்தைச் சுற்றிப் பிழைப்பவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

எங்களுக்கு டைமிங் செய்து தருபவர் தனி ஆள். ஓடுகிறவரின் நெஞ்சில் குத்தியிருக்கும் எண் அட்டையின் பின்னால் ஒரு சிப் ஒட்டியிருக்கும். தரையில் விரித்த பாயை அவர் கடக்கும்போது நேரம் பதிவாகும். அந்தப் பாய்களும் ரீடர் பெட்டிகளும்தான் டைமிங்காரரின் மொத்த முதலீடு, அதுவும் கடனில் வாங்கியது. மார்ச் முதல் மே வரை 11 போட்டிகள் அவர் கையில் இருந்தன. எல்லாம் போயின. கருவிகளை எங்கள் குடோனில் வைத்திருந்ததால், பேட்டரி செத்துவிடக் கூடாதென்று மாதம் ஒருமுறை வந்து சார்ஜ் போடுவார். சார்ஜ் ஏறும் இரண்டு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆகஸ்டில் வந்தபோது ஒரு செட் பாயைச் சுருட்டி வண்டியில் ஏற்றினார். விற்றுவிட்டதாகச் சொன்னார்.

அவரிடம் நாங்கள் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. தனி ஆட்களாகவும் சிறு குடும்பத் தொழிலாகவும் இருப்பவர்களிடம் கேட்பதில்லை, பெரிய நிறுவனங்களிடம் மட்டும் கேட்பது என்று முடிவானது. 14-ல் 5 திரும்ப வந்தது அப்படித்தான். ஓடப் பதிவு செய்தவர்களின் பணத்தை வைத்து நாங்கள் தாராளம் காட்டினோமா என்ற கேள்வி நியாயமானது. ஒருவர் கேட்கவும் செய்தார். அவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டால் மறுபடி ஓட்டம் நடத்த ஆள் இருக்காது என்பது எங்கள் பதில். நான் அதை இன்றும் சரி என்றே நினைக்கிறேன்.

சம்பளத்துக்கு இனி பதிவுப் பணத்தைத் தொடுவதில்லை என்றும் முடிவு செய்தோம். மூத்தவர் சொந்தமாகக் கடன் வாங்கி மூன்று மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார். அதன் பிறகு இரண்டு பேர் வேறு வேலைக்குப் போனார்கள். ஸ்பான்சர்களில் ஒன்று ஹோட்டல் தொழில், இன்னொன்று விமானப் பயணத் தொழில். இரண்டிலிருந்தும் மேற்கொண்டு பணம் வரவில்லை. முதன்மை ஸ்பான்சர் இரண்டாம் தவணையை அடுத்த வருடத்துக்குக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஒரு விஷயம் என்னை இன்றும் உறுத்துகிறது. மே மாதம் ஓர் ஓட்ட வீராங்கனையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் கட்டணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அக்டோபரில் பரிசுத்தொகை இருக்குமா, எத்தனை இடம் வரை என்று கேட்டிருந்தார். போட்டிக்குப் போட்டி போய், ஜெயிக்கும் பரிசுப் பணத்தில் வாழ்பவர்களில் ஒருவர் அவர். பரிசுக்கென்று ஒதுக்கியிருந்த தொகையில் ஒரு பங்கை, முந்தைய இரண்டு வருடம் முதல் பத்து இடங்களுக்குள் வந்தவர்களுக்காவது பகிர்ந்திருக்கலாம். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. "இன்னும் முடிவாகவில்லை" என்று பதில் போட்டோம். சர்வதேச டென்னிஸில் சங்கங்களும் கிராண்ட் ஸ்லாம் போட்டிகளும் சேர்ந்து தரவரிசையில் கீழே இருக்கும் வீரர்களுக்காக 60 லட்சம் டாலருக்கு மேல் நிவாரண நிதி திரட்டிய அதே மாதம் அது.

அக்டோபர் 2020

பாஸ்டன் மே 28-ல் முழுதாக ரத்தானது, அதன் 124 வருட வரலாற்றில் முதல் முறை. லண்டன் மாரத்தான் அக்டோபர் 4-ல் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவைச் சுற்றி, முன்னணி வீரர்கள் மட்டும் ஓட, நடந்தது. மற்றவர்கள் அவரவர் தெருக்களில் ஓடினார்கள். எங்கள் அக்டோபர் தேதியை ஆகஸ்டிலேயே கைவிட்டோம். தனியாக ஓடும் நிகழ்ச்சியை மட்டும் நடத்தினோம். பதக்கம் கேட்ட 1,450 பேரோடு, சிறு கட்டணம் கட்டி இன்னும் 450 பேர் சேர்ந்தார்கள். வந்த பணம் இரண்டு மாத வாடகைக்குச் சரியாக இருந்தது. மனசுக்குத் தெம்பு கொடுத்தது உண்மை; தொழிலாக அது நிற்காது என்பதும் அன்றே தெரிந்தது. நேரத்தைச் சரிபார்க்க வழியில்லாததால் பரிசு இல்லை. டைமிங்காரருக்கும் அதில் வேலை இல்லை.

மார்ச் 2022

அடுத்த ஓட்டம் 2022 மார்ச் 27-ல்தான் நடந்தது. தள்ளிவைப்பின் உண்மையான விலை அப்போது தெரிந்தது.

பதிவை வைத்துக்கொண்டவர்கள் 3,480 பேர். அவர்களில் 2,260 பேர் ஓட வந்தார்கள். அவர்களிடம் புதிதாக ஒரு ரூபாய் வாங்க முடியாது, ஆனால் செலவு முழுக்கப் புதிது. பந்தலும் தடுப்பு வேலியும் வாடகை ஏறியிருந்தன. எண்ணிக்கைக் கட்டுப்பாட்டால் புதிதாகச் சேர்க்க முடிந்தது 1,100 பேரை மட்டும். 2020-ல் ரத்து என்று சொல்லியிருந்தால் அன்று ஒரு பெரிய அடி விழுந்திருக்கும். தள்ளிவைத்ததால் அதே அடி, வாடகை ஏற்றத்தோடு சேர்த்து, இரண்டு வருடம் கழித்து விழுந்தது. அந்த ஓட்டம் நஷ்டத்தில் முடிந்தது. மூத்த பங்குதாரர் அந்த ஜூனில் விலகினார். உடல்நிலையும் ஒரு காரணம், ஆனால் அவர் வாங்கிய கடன்தான் முதல் காரணம்.

பழைய பதக்கங்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. புதிதாகச் செய்யப் பணம் இல்லை. பழைய பதிவுக்காரர்களிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டோம்: "29.03.2020" என்று அச்சிட்ட பதக்கத்தைப் புது ரிப்பனோடு தந்தால் பரவாயில்லையா? பெரும்பாலோர் அதுதான் வேண்டும் என்றார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டிய ஒருவர் அந்தத் தேதியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்துபோனதை நான் பார்த்தேன்.

இப்போது மாறியிருப்பவை

பதிவுக் கட்டணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. பதக்க ஆர்டர், அனுமதிக் கட்டணம் என்று முன்கூட்டியே வெளியிட்ட பட்டியலில் உள்ள செலவுக்கு மட்டும், அந்தந்தத் தேதியில், அதிலிருந்து எடுக்கலாம். சம்பளமும் வாடகையும் ஸ்பான்சர் பணத்திலிருந்துதான். இதனால் ஊழியர்களை ஆறிலிருந்து நான்காகவே வைத்திருக்கிறார்கள். வளர்ச்சி மெதுவாகிவிட்டது என்று இளையவர் சொல்வது உண்மைதான்.

"எக்காரணம் கொண்டும்" என்ற சொற்றொடர் விதிமுறையில் இல்லை. 90 நாளுக்கு முன் ரத்தானால் எவ்வளவு, 30 நாளுக்கு முன் எவ்வளவு, கடைசி வாரத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்று பதிவுப் பக்கத்தின் மேலேயே போட்டிருக்கிறது. சப்ளையர் ஒப்பந்தங்களும் அதே படிகளில். பதிவைத் தள்ளிவைப்பது ஒரே ஒரு முறை, அதுவும் அடுத்த ஓட்டத்தின் இடங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். தொற்றுநோய்க் காப்பீட்டை விசாரித்தோம். கோவிட்டுக்குப் பிறகு அதைத் தர முன்வருபவர்கள் அரிது, கேட்ட பிரீமியம் எங்கள் அளவுக்குக் கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வருடமும் ஸ்பான்சர் தொகையில் ஒரு பகுதி தனியாக ஒதுக்கப்படுகிறது. பதக்க உலோகத்தில் வருடமும் தேதியும் இல்லை, ரிப்பனில் மட்டும். மின்னஞ்சலில் அந்த வீராங்கனை கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் இருக்கிறது: ஓட்டம் ரத்தானால் பரிசு நிதியில் பாதி, முந்தைய இரண்டு ஓட்டங்களில் இடம் பிடித்தவர்களுக்குப் பிரிக்கப்படும்.

2022-ல் வர முடியாமல் போன 1,220 பேருக்கும், 2020-ல் கேட்டவர்களுக்குக் கொடுத்த அதே 40 சதவீதம் தவணை தவணையாக அனுப்பப்பட்டது. கடைசித் தவணை 2023 மார்ச்சில் போனது. 61 பேரின் கணக்கு எண்கள் மாறியிருந்தன, மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அவர்கள் தொகை அந்தத் தனிக் கணக்கில் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் அந்த 61 பேருக்கும் ஒரு மின்னஞ்சல் போகிறது.